இரண்டு நிமிட மௌனம்

"முதல்ல அந்தச் சிவப்பு விளக்கை அணை."

"அது கரண்ட் இருக்குன்னு காட்டற விளக்கு அண்ணி, பதிவு ஒண்ணும் ஓடலை, நீங்க முதல்ல உக்காருங்க..."

"உக்கார வரலை. யாரைக் கேட்டு..."

"ரெண்டு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க..."

"என் மூச்சைப் பத்தி நீ பேசாதே! யாரைக் கேட்டுடி அதைப் போட்டே?"

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒலிப்பதிவு அறை என்று பெயர்தானே தவிர, பழைய கம்பளிகளைச் சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு படுக்கையறை. ஜன்னல் இடுக்கில் பஞ்சு. பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவாள் நாத்தனார். வியர்வை வழிய வழிய அண்ணி பன்னிரண்டு வருடங்களாக இங்கேதான் சாமி பாட்டுகள் பாடிக்கொடுத்தாள்.

"காலையில, என் பாட்டுக்கு வாசிக்கிற புல்லாங்குழல்காரர் போன் பண்றார். துக்கம் விசாரிக்கிற குரல்ல பேசறார். 'மனசைத் தேத்திக்குங்கம்மா, எல்லாக் கலைஞருக்கும் உள்ளதுதான்'ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் அவரே போட்டுக் காட்டினார். என் குரல்! நான் உன்கிட்ட சொன்னது!"

"எங்க புத்த சங்கத்துல நாப்பது பேர் இருந்தாங்க அண்ணி. ஒருத்தர்கூட உங்களைத் தப்பா நினைக்கலை. ரெண்டு பேர் அழுதாங்க."

"அழுதாங்களா? டிக்கெட் போட்டிருக்கலாமே!"

அண்ணி பேசிய அந்தப் பேச்சு எப்படிப் பதிவானது என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய ஒரு மௌனம் உண்டு. பாட்டை வெட்டி ஒட்டும் இடத்தில் அந்த மௌனத்தை வைத்து நிரப்பாவிட்டால், காதுக்குக் குழி விழுந்தது போல் இருக்கும். அதனால் பாடி முடித்ததும், "ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க அண்ணி, மௌனம் எடுக்கணும்" என்பாள் நாத்தனார். சும்மா இருப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்ன வயதிலேயே அவள் அண்ணன் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். புத்தர் வழிக்குப் போன பிறகு அந்த ஊமைத்தனத்துக்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது.

அண்ணியால்தான் முடியாது. சுருதிப் பெட்டி நின்ற மறுகணமே வாய் திறந்துவிடுவாள். நாத்தனாரும் பதில் சொல்வாள். மௌனம் எடுக்கிற நேரத்தில்தான் இருவரும் சங்கீதத்தைப் பற்றி அத்தனை பேச்சும் பேசினார்கள்.

"உங்க புத்தர் வீணையைப் பத்திச் சொன்னார், வாசிக்க விட்டாரா?" என்பாள் அண்ணி.

"தந்தியை ரொம்ப முறுக்காதே, ரொம்பத் தளர்த்தாதேன்னு சொன்னார் அண்ணி."

"அது சுருதி சேக்கற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே! அதுக்கு ஞானம் வேற வரணுமா?"

இருவரும் சிரிப்பார்கள். "எங்க சாமிங்க ஒருத்தர் கையில குழல், ஒருத்தர் கையில வீணை, ஒருத்தர் கையில உடுக்கை. நாதமே சாமிதான். உங்க ஆளு வெறுங்கை." "கை காலியா இருந்தாத்தானே அண்ணி எதையும் பிடிச்சுத் தொங்க மாட்டோம்." இப்படியே போகும். மௌனம் கடைசியில், அண்ணி தேநீர் குடிக்கப் போன பிறகு, தனியாகத்தான் எடுக்கப்படும்.

பேச்சு விழுந்த பதிவுகளை நாத்தனார் அழித்துவிடுவாள் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள்.

"எத்தனை வெச்சிருக்கே?"

"அறுபத்து மூணு."

"தேதி போட்டா?"

"...தேதி போட்டுத்தான்."

"எதுவும் நிலைக்காது, எல்லாம் வந்து போறதுன்னு பாடம் நடத்தறவ, தேதி போட்டு டப்பால அடைச்சு வெச்சிருக்கே!"

"அண்ணி, ஒரு நிமிஷம் கேளுங்க. அறத்தை இழுத்து ராகம் போட்டு ஓதாதீங்கன்னு புத்தர் சொன்னார். அதுல அஞ்சு கேடு இருக்குன்னார். முதல் கேடு, தன் குரல் மேல தனக்கே ஆசை வந்துடும். இருபது வருஷமா இதைப் படிக்கிறேன். ஆனா நீங்க அன்னிக்குச் சொன்னப்பத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதைவிட நிஜமா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை."

"நிஜமா இருந்தா ஊருக்குப் போட்டுக் காட்டணுமா?"

அண்ணி சொன்னது இதுதான். கணவர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்து, பாடச் சொன்னார். பாடினாள். மேல் சுரத்தில் நிற்கிற இடம் அன்று சுத்தமாக வந்தது. பல வருடங்களாகப் பிடிபடாத இடம். அந்த ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் போயிருந்தார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூட.

"என் பாட்டு சாமிக்குக் கொடுத்தது. என் பேச்சு உனக்குக் கொடுத்தது. ரெண்டையும் எடுத்து யாருக்கோ கொடுத்துட்டே. வெறுங்கைன்னு பெருமை பேசினியே, வெறுங்கைக்காரிதான் அடுத்தவ மடியில கை வைப்பா."

"சாமி கேட்டுக்கிட்டிருந்ததுன்னு நம்பறதாலதான் உங்களுக்கு அது பாவமாப் படுது அண்ணி. எங்களைக் கேட்டா அது ஒரு எண்ணம். வந்துச்சு, போச்சு. 'நான்'ங்கிற ஆளே இல்லைன்னா அது யாரோட ரகசியம்?"

"'நான்'ங்கிற ஆளே இல்லையா? அப்ப அதுக்கு முன்னாடி 'என் அண்ணி, பிரபல பாடகி'ன்னு அறிமுகம் கொடுத்தியே, அது யாரு?"

நாத்தனார் மேசை மேலிருந்த ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

அண்ணி இப்போதுதான் உட்கார்ந்தாள். குரலும் இறங்கியது.

"எனக்கு ஊரைப் பத்திக் கவலை இல்லை. புல்லாங்குழல்காரர் நாலு பேருக்குச் சொல்லட்டும். சனிக்கிழமை என் பையன் வர்றான். 'எங்கம்மா பாடப் பாட அப்பா சாமிகிட்டப் போனார்'னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றவன் அவன். அதை வெச்சுத்தான் அவன் அந்தச் சாவைத் தாங்கினான். அவன் காதுல இது விழக் கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"அண்ணி..."

"போன மாசம் அவங்கப்பா நினைவு நாளுக்கு வந்தப்ப, அன்னிக்குப் பாடினதையே பாடச் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டான். சுரம்னா கிலோ என்ன விலைன்னு கேக்கற பையன்! பாடி முடிச்சதும், 'மேல நிக்கற அந்த இடம் சுத்தமா வந்துச்சும்மா'ன்னான். எனக்கு எப்படிக் குளிர்ந்துபோச்சு தெரியுமா? என் வயித்துல பொறந்ததுக்கு இப்பவாவது காது வந்துச்சேன்னு. அழிச்சுடு. எல்லாத்தையும் அழிச்சுடு."

நாத்தனார் கணினியைத் திறந்தாள். சங்கத்தின் இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்தாள். பிறகு அறுபத்து மூன்றையும் தேர்ந்தெடுத்தாள். பட்டியல் திரையில் நீளமாக ஓடியது. ஒவ்வொன்றுக்கும் 'மௌனம்' என்றே பெயர். அழுத்தினாள். சிரிப்பும் சண்டையும் வீணைத் தந்தியும் ஒரே அழுத்தில் போயின.

"போச்சு அண்ணி. எங்கயும் இல்லை."

"புல்லாங்குழல்காரர்கிட்ட?"

"அவர் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் கேட்டிருப்பார். இனிமே வராது."

"வேற யாருக்காவது அனுப்பினியா?"

நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஏய். கேக்கறேன்ல."

"நீங்க வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்களே அண்ணி, யாரைக் கேட்டுப் போட்டேன்னு." அவள் குரல் கம்பளிக்குள் பேசுவது போல் இருந்தது. "கேக்காமப் போடலை. உங்ககிட்டக் கேட்டா வேண்டாம்னுடுவீங்கன்னு தெரியும். அண்ணனைப் பத்தினது, யாராவது ஒருத்தரையாவது கேக்கணும்னு தோணுச்சு. தம்பிக்கு அனுப்பினேன்."

"எந்தத் தம்பிக்கு?"

"உங்க பையனுக்கு. முழுசாக் கேட்டான். அப்புறம், 'போடுங்க அத்தை, அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்'னான்."

மின்விசிறியை இன்னும் யாரும் போட்டிருக்கவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். பஞ்சைத் தாண்டி அது ஒரு முனகலாகத்தான் வந்தது. அண்ணி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்த சுருதிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். வாய் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நாத்தனார் பார்த்ததில்லை.

"அவனுக்கு எப்ப அனுப்பினே? நினைவு நாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?"