மடுவத்துத் தராசு

முள் ஐம்பத்தைந்தரையில் நின்றது.

"ஒண்டரை கிலோ கூட," என்றார் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்த்த யாழ்ப்பாணத்து அதிகாரி. "ஐம்பத்துநாலுப் பிரிவில ஏறேலாது. ஒரு மணித்தியாலம் தாறன். ஓடி வேர்த்திட்டு வாங்கோ."

வீரய்யா குனிந்து முள்ளை மறுபடி பார்த்தான். வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுப்பவன் அவன். நேற்று மாலை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசின் கொக்கியில், தங்கை புருஷன் ராஜலிங்கத்தைத் தொங்கவிட்டு நிறுத்தவனும் அவன்தான். ஐம்பத்துமூன்றரை. "கவலையில்லாம தூங்கு மாப்ள" என்று முதுகில் தட்டிவிட்டும் வந்தான்.

அந்த மடுவத்துத் தராசின் முள் பூச்சியத்துக்கு இரண்டு கிலோ கீழே கிடப்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோட்டத்துத் துரை சொல்ல, இவனே திருகி வைத்தது. வருஷக்கணக்கில் பழகி, மறந்தே போயிருந்தான்.

இன்று ஜெயித்தால் கொழும்புக் கம்பெனி அணியில் இடம், கூடவே வேலை. தோட்டத்து லயத்துக் காம்பராவை விட்டே வெளியேறிவிடலாம்.

"மச்சான், ஓடவா?" தராசிலிருந்து இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான் ராஜலிங்கம்.

பக்கத்தில் தங்கை வேலாயி. பத்து வருஷமாகக் கொழுந்து பறித்து, அதே மடுவத்துத் தராசில் நிறுக்கக் கொடுக்கிறவள். ஓடு என்றால், அப்போ மடுவத்துத் தராசு பொய்யா என்று கேட்பாளே!

"நீ எதுக்கு ஓடணும்? இவங்க தராசுதான் கோளாறு!" என்று அதிகாரியிடம் பாய்ந்தான் வீரய்யா.

அவர் இருபது கிலோ இரும்பை ஏற்றிக் காட்டினார். முள் இருபதில் நின்றது. அப்படியும் இவன் வாய் ஓயவில்லை. மணித்தியாலம்தான் ஓய்ந்தது.

"இனி ஐம்பத்தேழுப் பிரிவுதான். விருப்பமெண்டால் ஏறலாம்."

அங்கே காத்திருந்தவன் மடவளை ஹபீல். அறுபத்திரண்டிலிருந்து பட்டினி கிடந்து ஐம்பத்தேழுக்கு இறங்கியவன். எடை பார்த்து முடிந்ததும் சோறும் தண்ணீரும் ஏற்றி, மறுபடி அறுபதைத் தொட்டிருந்தான்.

"நாலரை கிலோதான மச்சான். ரெண்டு கைப்புள்ள வெயிட்டு," என்று சிரித்தான் ராஜலிங்கம்.

முதல் ரவுண்டில் ராஜலிங்கத்தின் குத்து மூன்று சுத்தமாக விழுந்தது. ஹபீல் கண்ணைச் சிமிட்டினான், அவ்வளவுதான். இரண்டாவதில் அவன் கட்டிப்பிடித்துச் சாய்ந்து சாய்ந்தே ராஜலிங்கத்தின் தோளை அயர வைத்தான். கை இறங்கியது. இடது கண்ணில் விழுந்தது ஒன்று. அதே இடத்தில் இன்னொன்று.

"துவாயப் போடுண்ணே!" வேலாயி அலறினாள்.

சண்டையை நிறுத்தச் சொல்லி வீரய்யா துண்டை எறிந்தபோது ராஜலிங்கம் தரையில் கிடந்தான்.

வத்தேகம பஸ்ஸில் மூவரும் ஒரே சீட். வெளியே மழை. ராஜலிங்கத்தின் இடது கண்ணில் கட்டு. இனி மேடையே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

வெகுநேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேலாயி சொன்னாள்: "மடுவத்துல அம்பத்துமூணரை. இங்க அம்பத்தஞ்சரை. எங்க கொழுந்துல தெனம் கொறயிறதும் அதே ரெண்டுதாண்ணே."

வீரய்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராஜலிங்கம் மெல்லத் திரும்பி, மிச்சமிருந்த கண்ணால் அவனைப் பார்த்தான்.

"அப்ப நா ஓடியிருக்கணுமா மச்சான்?"