அண்ணன் வாயில் தம்பி கட்சி

பெர்னதெத் மலேசியாவின் சிரம்பானில் மாலை வகுப்புக்குப் போய் இடைக்காலத் தத்துவம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அவள் கணவர் ஆம்புரோசுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எழுநூறு வருசத்துக்கு முன்ன சாமியாருங்க போட்ட சண்டையைப் படிச்சு என்ன லா பண்ணப் போற?"

"ஒழுங்கா சண்டை போடத்தான்" என்பாள்.

அவருக்குச் சொந்தமாகவே ஒரு சண்டை இருந்தது. பெடாஸ் பக்கம் அவரும் தம்பியும் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாதா கோயிலை இடிக்கப் போகிறார்கள். கோயில் மணி, தான் குடியேறிய பாரோய்க்கு வரவேண்டும் என்றார் ஆம்புரோஸ். பெடாசை விட்டு நகரக்கூடாது என்றான், அங்கேயே இருக்கும் தம்பி பேட்ரிக். ஈஸ்டரிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஒரு ஞாயிறு, கோழிக் குழம்பைச் சாக்காக வைத்து பெர்னதெத் இருவரையும் ஒரே மேசையில் உட்கார்த்தினாள்.

"அந்தக் காலத்து வாதத்துல ஒரு முறை இருக்கு. எதிராளி கட்சியை, அவனே 'ஆமா, அதான்'னு சொல்ற மாதிரி முதல்ல சொல்லிக் காட்டணும். மறுப்பெல்லாம் அப்புறம். நீங்க ஆரம்பிங்க."

"இவன் கட்சியா? வெறும் பிடிவாதம்."

"அது என் கட்சி இல்ல, அண்ணே."

ஆம்புரோஸ் பெருமூச்சு விட்டார். "சரி. அப்பாவையும் அம்மாவையும் அங்கதான் அடக்கம் பண்ணியிருக்கு. அந்த மணிச் சத்தத்துலதான் அம்மா எழுந்து பால்மரம் வெட்டப் போவாங்க. அது கேக்காத இடத்துல அவங்களைத் தனியா விட்டுட்டு..." தன் வாயில் வந்த பேச்சு தன்னையே கலக்கியது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஆமா, அதான்" என்றான் பேட்ரிக், தட்டைப் பார்த்தபடி. பிறகு அவன் முறை. "கோயிலுக்கு வர்ற சனமெல்லாம் இப்ப பாரோய்ல. பெடாஸ்ல அடிச்சா செம்பனை மரத்துக்குத்தான் கேக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தச் சத்தமே தெரியாமப் போயிரும்."

"அதான்!" என்றார் ஆம்புரோஸ்.

"இப்ப மறுக்கலாம்" என்றாள் பெர்னதெத்.

ஆம்புரோஸ் தொண்டையைச் செருமினார். "பெடாஸ்லயே இருக்கட்டும் டா."

"அதெப்படி? பாரோய்க்குத்தான் போகணும்!"

"அம்மாவை நெனச்சுப் பார்த்தியா நீ?"

"பிள்ளைங்களை நெனச்சீங்களா நீங்க?"

சத்தம் பழையபடி ஏறியது. பெர்னதெத் சிரிப்பை அடக்க முடியாமல் குழம்புச் சட்டியோடு அடுப்படிக்குள் ஓடினாள்.

கடைசியில் மூத்தவர் பேச்சே எடுபட்டது. மணி இப்போது பெடாசில், பேட்ரிக் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு கம்பத்தில் தொங்குகிறது. அண்ணன் தன்னைப் பேசவே விடாமல் தோற்கடித்துவிட்டார் என்று பார்ப்பவரிடமெல்லாம் அவன் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறான்.