நிரம்பிய ஊசிப்பெட்டி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆண்கள் வார்டில் முப்பத்தொரு நோயாளிகள். நர்ஸ்கள் இரண்டே பேர்: நானும் ஜெசலும். கனத்த உடம்பொன்றைப் புரட்டி முதுகைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த கட்டிலில் சலைன் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். பினாயில் நெடி, மூத்திர நெடி, ஜன்னல் வழியே பிலிப்பைன்ஸின் இலோய்லோ ஆற்றுச் சேற்று வாடை.

ஜெசலுக்கு இருபத்துமூன்று வயது. ஐந்து மாத ஒப்பந்தக்காரி. எங்கள் செவிலியர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழையவர்கள் பொறுப்பில் விடுவது வழக்கம். ஜெசலை என் பொறுப்பில் விட்டார்கள். வற்றிப்போன கையில் நரம்பு தேடுவது எப்படி, எந்த டாக்டர் எதற்குக் கத்துவார், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"அக்கா, ஊசிப்பெட்டி ரொம்பி வழியுது. மூணு நாளா சொல்றேன், மாத்த மாட்டேங்கறாங்க. எழுதிக் குடுத்துரட்டுமா?" என்று முந்தின நாள்கூடக் கேட்டாள்.

"ஒப்பந்தம் முடிய மூணு வாரம்தானே இருக்கு? பேரைக் கெடுத்துக்காத. பொறுத்துக்கோ."

அன்று காலை பதினான்காம் கட்டில் மீனவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைப் பெட்டிக்குள் தள்ளினாள். உள்ளே நிமிர்ந்து நின்ற வேறொரு ஊசி கையுறையைத் துளைத்து விரலில் இறங்கியது.

"அக்கா... குத்திருச்சு."

குழாயடியில் விரலைப் பிடித்தபடி நின்றாள். யாருடைய உடம்பில் ஏறி இறங்கிய ஊசி என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்து மணிக்கு நிர்வாகி பன்டோஹா எங்களைக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த தாள் தயாராக மேசைமேல் இருந்தது. விதியை மீறி ஊசிக்கு மூடி போட முயன்றதால் குத்தியதாம். நான் பலமுறை எச்சரித்தும் ஜெசல் கேட்கவில்லையாம். கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம்.

"மூடி போடல சார். பெட்டி ரொம்பியிருந்துச்சு" என்றாள் ஜெசல்.

"பெட்டி காலியாத்தானே இருக்கு? போய்ப் பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். மூன்று நாள் மாற்றாத பெட்டியை ஐந்து மணி நேரத்துக்குள் மாற்றியிருந்தார்கள்.

"சரி சார், மருந்தாவது குடுப்பீங்களா?"

"அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தாம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மரிவிக், நீங்க ஜெர்மனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கீங்கல்ல? அனுபவச் சான்றிதழ் என் கையெழுத்துலதான் போகணும்."

நான் கையெழுத்துப் போடவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். ஜெசல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரசு மருத்துவமனையில் அவளுக்கு எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் விழுங்க வேண்டும். விழுங்கினால் குமட்டும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சங்க அறையில் புதியவர்களுக்கு வகுப்பு. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தலைப்பு: நன்னடத்தை. நடத்த வேண்டியவள் நான். குறிப்பேட்டைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

"இந்தப் பிள்ளை எழுதிக் குடுக்கறேன்னுச்சு. வேணாம்னு தடுத்தவ நான்தான். தப்பு என்மேல."

ஜெசல் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். "அக்காவை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது? உங்களுக்கும் இதையேதான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. சொல்லலைங்கறவங்க கை தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட உயரவில்லை. பின்வரிசையில் பிரசவ வார்டு நோனாய் எழுந்தாள். "போன மாசம் எனக்கும் குத்துச்சு. பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லல." அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர்.

பன்டோஹாவின் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

நோயாளிகளை விட்டுவிட்டு நிற்க எங்களுக்கு மனம் வராது. அது பன்டோஹாவுக்கும் தெரியும். அதனால் இப்படித் தீர்மானித்தோம்: திங்கட்கிழமை காலை, இரவு ஷிப்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வார்டில் இருப்பார்கள், காலை ஷிப்டுக்காரர்கள் அத்தனை பேரும் நிர்வாகி அறை வாசலில் நிற்பார்கள்.

நின்றோம். நாற்பத்தாறு பேர். புதியவர்களும் பழையவர்களும் கலந்து.

"என்ன இது, வேலைநிறுத்தமா?" என்றார் பன்டோஹா.

"இல்ல சார். வார்டெல்லாம் ஆள் இருக்கு" என்றாள் ஜெசல். "அஞ்சு பேருக்கு ஊசி குத்தியிருக்கு. அஞ்சு பேரும் நடந்ததை எழுதியிருக்கோம். வாங்கிகிட்டு முத்திரை வெச்சுக் குடுங்க. மருந்தும் பரிசோதனையும் ஆஸ்பத்திரி பொறுப்புன்னு எழுதிக் குடுங்க."

"உன் ஒப்பந்தம்தான் நீட்டிக்கலன்னு சனிக்கிழமையே கடிதம் வந்துச்சே. நீ யாரு கேக்கறதுக்கு?"

"முடியற நாள் வரைக்கும் இங்க நர்ஸ் சார். அதுக்கப்புறமும் சங்கத்துல இருப்பேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். ஜெசலின் ரத்தப் பரிசோதனை முடிவு தெரிய மூன்று மாதம் ஆகும். என் சான்றிதழ் வருமா வராதா, தெரியாது. அந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதும் தெரியாது.

ஏழரை மணிக்கு மாடிப்படியில் இரவு ஷிப்டு நோனாய் எட்டிப் பார்த்தாள். கண்கள் தூக்கத்தில் சொருகியிருந்தன.

"இங்க எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு, கஞ்சி குடுத்தாச்சு" என்று கத்தினாள். "எழுந்திரிச்சுராதீங்கடி. மத்தியானம் வரைக்கும்னாலும் நாங்க பாத்துக்கறோம்!"