தாலி கட்டிய நேரத்துப் படம்

மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகுதான் ஐரின் கேமராவின் திரையைப் பார்த்தாள். தாலியைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் விரல்கள்மேல், புகை படிந்ததுபோல, பெண்ணின் அம்மா ஆரோக்கியம்மாளின் முகம்.

அன்று விடிந்ததும் ஐரின் எரியோடு ஊர்ப் பக்கம் ஒரு செண்டுமல்லித் தோட்டத்தில் நின்று, தன் முகத்தையும் பூக்களையும் ஒரே படத்தில் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். கேமராவில் அதற்கென்று ஒரு வசதி; இரண்டு முறை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த வசதியை அணைக்காமலே திண்டுக்கல்லுக்கு வந்து, மாதா கோவிலுக்குள் அவ்வளவு படத்தையும் எடுத்துத் தள்ளியிருக்கிறாள். வீடியோவுக்குக்கூட ஆளில்லை. கூடப் படித்தவள் என்ற நம்பிக்கையில் மணப்பெண் ஜோஸ்பின் இவளை மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள். அவசரமாக அந்த வசதியை அணைத்துவிட்டு மீதித் திருப்பலியை எடுத்து முடித்தாள். பழைய படங்களைத் தள்ளிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கூட்டம் வெளியே நகர்ந்ததும் மணப்பெண்ணைத் தூணோரம் இழுத்தாள்.

"ஏ ஜோஸ்பினு, படமெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிருச்சுடி. தாலி கட்டுனதும் போச்சு."

ஜோஸ்பினின் முகம் வெளுத்தது. "நல்லாப் பாரு. எம் முன்னாலயே பாரு."

ஐரின் படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். கலந்த படம். அதற்கு முந்தையது ஆரோக்கியம்மாள் மட்டும். அதற்கும் முந்தையது தாலியும் விரல்களும், பளிச்சென்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனிப்படங்களும் பதிவாகும்படி தோட்டத்தில் மாற்றி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சனியனே, உசுரே போயிருச்சு," என்று ஜோஸ்பின் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கேமராவை வாங்கி, அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசை. பக்கத்தில் யாருமில்லை.

"அம்மா ஏன் அம்புட்டுப் பின்னால இருக்கு?"

ஐரின் தயங்கினாள். "ஒங்க அத்தைதான்... அப்பா தவறுனதுக்கப்புறம் அம்மா முன்னால நிக்க வேணாம்னாங்க."

ஜோஸ்பின் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். வேப்பமரத்தடியில் ஆரோக்கியம்மாள் யாருடைய கைக்குழந்தையையோ வைத்திருந்தாள்.

"பீடத்துக்கிட்ட ஒரு படம் எடுக்கணும். வாம்மா."

"நானா? பிள்ளைய யார்ட்டக் குடுக்க?"

"அதையுந்தான் தூக்கிட்டு வா."

வாசலில் நின்ற அத்தை வழிவிட்டாள். உள்ளே பாதி தூரம் போவதற்குள் குழந்தை மணப்பெண்ணின் தலையிலிருந்து தொங்கிய வலைத்துணியை இறுக்கிப் பிடித்துவிட்டது. அது விடுவதாக இல்லை. தாயும் மகளும் தோள் உரச, மெதுவாகப் பீடத்தை நோக்கி நடந்தார்கள்.