சன்னாசி பார்த்துச் சிரித்த கண்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை தருகிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், இதைக் கதையாக நான் தொடங்கவே இல்லை. கண்ணின் வெளிப்புறத்தில் வரும் நோய்களை எப்படி இனம் காண்பது என்று நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் வரியிலேயே சன்னாசி வந்து நின்றுவிட்டான்.

1

(முதல் தொடக்கம்: "சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், 1926இல், பனி இன்னும்..." வேண்டாம். பனியைக் காட்டி நேரம் கடத்துகிறேன். தோட்டமும் வருஷமும் மட்டும் அப்படியே இருக்கட்டும்.)

சன்னாசியின் மனைவி நவமணி பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவள். ஒருநாள் வெட்டும்போது பட்டைத் துணுக்கு கண்ணில் தெறித்தது. மறுநாள் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குச் சிவந்த கண்ணோடு வந்தாள். சிவப்பைக் கண்டதுமே கண்கட்டி என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். கண்கட்டி வந்தவர் பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் என்பது, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பேச்சு. முதலில் வாயைத் திறந்தவன் சன்னாசி.

"என்னா புள்ள, யாரு குளிக்கிறத எட்டிப் பாத்த?"

கங்காணி பிச்சைமுத்து விடுவாரா? "ஒம் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா கட்டி வராம என்னப்பா செய்யும்!"

களமே சிரித்தது. நவமணி முக்காட்டைக் கண்வரை இழுத்தாள். அப்புறம் யாருக்காகவும் அதை விலக்கவில்லை.

2

(அந்த நாலு வரியை இங்கே செருகுகிறேன். கதை கெட்டால் கெடட்டும்.)

கண்கட்டி என்றால் இமை ஓரத்தில் பருப்போல வீங்கும், தொட்டால் வலிக்கும். கருவிழி தெளிவாகவே இருக்கும். கண்நோய் என்றால் வெள்ளைவிழி சிவந்து, பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஒரே துண்டில் முகம் துடைத்தால் வீடு முழுக்கப் பரவும். ஆனால் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் கொட்டி, பார்வை மங்கி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நவமணிக்கு இமையில் பரு இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

3

சில நாள் போயின. ஒரு மத்தியானம், சன்னாசிக்குச் சோறு போட வந்தவள் வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"காட்டு புள்ள."

"எதுக்கு? இன்னொருக்கா சிரிக்கவா?"

சன்னாசி... (இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்துவிட்டேன். அழவைத்தேன், பொய்யாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவைத்தேன், அவன் வாயில் அந்தச் சொல் ஒட்டவில்லை.) அவன் கை மட்டும் நீண்டு முக்காட்டை விலக்கியது. கருவிழியில் அரிசிக் குறுணைபோல ஒரு வெள்ளை.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். இறக்கிய பாலை எடை போட்டுவிட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"கட்டி ஒடைஞ்சிருச்சா?" என்றார் பிச்சைமுத்து.

"கட்டி இல்லண்ணே. பட்டை அடிச்ச புண்ணு. நாந்தான் பாக்காமச் சிரிச்சேன்."

தலை நிமிராமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. நவமணி அவனுக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள்.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில், மருந்து விட்டுப் புண் ஆறிப் பார்வை திரும்புகிறது. மற்றதில், புண் ஆறியும் வெள்ளை நின்றுவிடுகிறது. சன்னாசி தினமும் அந்தக் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். முதலாவது அவனை லேசாக விட்டுவிடுகிறது. இரண்டாவதில் அவன் வெட்கப்படுவதற்காக அவள் கண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டுக்கும் கை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை நிறுத்திவைத்திருக்கிறேன். நீங்கள் உள்ளே கூட்டிப் போங்கள்.

உங்கள் வீட்டில் எல்லார் கண்ணும் தெளிவாக இருக்கட்டும், கண்ணுகளா. யாருக்காவது சிவந்தால், சிரிக்குமுன் பார்க்கிற ஒருவர் அந்த வீட்டில் இருக்கட்டும்.