முதுகு காட்டிய இலைகள்

புதிய பூஞ்சை பற்றிய கட்டுரை அச்சில் வந்த திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்துச் செடிகள் எல்லாம் அதை எழுதிய ஆய்வாளருக்கு முதுகைக் காட்டின. அவள் உள்ளே வந்ததும் இலைகள் காம்போடு திரும்பி வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. அவள் போனதும் பழையபடி ஆயின. காற்று என்றார்கள், பிறகு வெளிச்சம் என்றார்கள். வாரக் கடைசிக்குள் பேருந்து நிறுத்தத்து வேலிச்செடிகளும் அப்படியே செய்ததால் காரணம் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

அவளுக்குக் காரணம் தெரியும். நோயே இல்லாத இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளைத் தேடுவது அவள் வேலை. இலையைக் கழுவி, நறுக்கி, பூஞ்சை வளர்வதற்கான அகர் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்துக் காத்திருப்பாள். பத்து நாளில் எதுவும் முளைக்காத தட்டுகள் கழுவும் அறைக்குப் போகும். அங்கே கழுவுகிறவள் அவளுடைய சொந்த அக்கா. அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே, இங்கே தன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். ஆறு வருடமாக அக்காவும் அப்படியே கூப்பிட்டாள். ஒரு நாள், கழுவ வந்த தட்டில், இலைத்துண்டின் விளிம்பில் முடியளவு இழை ஒன்றைக் கண்டு, கொட்ட மனம் வராமல் அக்கா அதை அலமாரியில் எடுத்து வைத்தாள். தினமும் போய்ப் பார்த்தாள். நாற்பதாம் நாள் அது தேன் நிறத்தில் நகமளவு விரிந்ததும் தங்கையிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவரை யாரும் பார்த்திராத இனம். கட்டுரையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, தங்கையின் பெயர்.

பாராட்டு விழா மேடையில் அவள் ஏறியதும் பூந்தொட்டிகளின் இலைகள் ஒருசேரத் திரும்பின. கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த உரையை அவள் மடித்து வைத்தாள்.

"இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. தட்டு கழுவுறாங்களே, அவங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவங்க எங்க அக்கா," என்றாள். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது.

வீட்டுக்குப் போகும் வழியில் மன்னிப்புக் கேட்டாள்.

"பேரு போடலைன்னு எனக்கு வருத்தமில்லடி," என்றாள் அக்கா. "லிஃப்ட்ல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் மேடம்னு கூப்பிட வெச்சியே, அதுதான்."

கட்டுரை திருத்தப்பட்டது, அக்காவின் பெயர் முதலில் வந்தது. செடிகள் மட்டும் சமாதானமாகவில்லை. பூச்சிகள் இலைக்கு அடியில்தான் ஒளிந்துகொள்ளும் என்பதால், மருந்தடிக்கும் நாட்களில் கொஞ்சம் முன்னால் நடக்க முடியுமா என்று தோட்டக்காரர் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. செவ்வாய்தோறும் தலையைக் குனிந்தபடி பாத்திகளுக்கு நடுவே மெதுவாக நடக்கிறாள். பின்னால் அவர் தெளித்துக்கொண்டே வருகிறார். இந்த வருடம் பூச்சி குறைவு.