புனேயில் இருந்த காசிராஜன்

கம்பெனியில் ஏ ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போனில் பதினேழு மிஸ்டு கால். எல்லாம் ஒரே ஜம்மு எண். பட்டாளத்திலிருந்த என் தம்பி காசிராஜன் ஒரு தடவைக்கு மேல் அடிக்கமாட்டான். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறுதான்.

திருப்பி அடித்தேன். முதலில் ஒருவர் இந்தியில் ஏதோ சொன்னார். பிறகு தாவீது என்று நாகர்கோவில்காரர் ஒருவர், ஹவில்தாராம், வந்தார்.

"காசியோட அக்காதான? எங்கம்மா நிக்க? கொஞ்சம் உக்காரு."

உட்கார இடமில்லை. நின்றபடியே கேட்டேன். விடியற்காலை எல்லையில் ஷெல் குண்டு விழுந்திருக்கிறது. அடிபட்ட ஒருவனைப் பதுங்குகுழிக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, இன்னொருவனுக்காக மறுபடி வெளியே போன காசி திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது. கொஞ்ச நேரத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து ஊருக்கு ஆள் போகும், அதற்குள் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றார்.

அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அம்மாவைப் பொறுத்தவரை காசி புனேயில் இருந்தான்.

அது என் வேலை. எட்டு மாதம் முன்னால் எல்லைக்கு மாற்றியபோது, அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும்தான் அவன் கேட்டான். புனே, பட்டாள ஸ்டோர், அரிசி மூட்டை எண்ணும் வேலை எல்லாம் நான் கட்டிய கதை. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு ஒரகடத்தில் கார் விளக்குக்கு ஸ்குரு போடுகிறவளுக்கு, மூளை இதற்காவது உதவியதே என்று பெருமை வேறு. ஜம்மு எண்ணை அம்மா யாரிடமாவது காட்டிவிடுவாள் என்று, அவன் என்னைக் கூப்பிடுவான், நான் கான்பரன்ஸில் அம்மாவைச் சேர்ப்பேன். பனியில் நின்றுகொண்டு இங்கே ஒரே புழுக்கம் என்பான். அம்மா வைத்ததும் இரண்டு பேரும் சிரிப்போம்.

அம்மாவை அழைத்தேன். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது.

"காசி செத்துட்டாம்மா. குண்டு விழுந்து."

அம்மா லேசாகச் சிரித்தாள். "ஸ்டோர்ல எங்கட்டி குண்டு விழும்? அது வேற எவனாவது காசியா இருக்கும். லைனப் போடு, நான் பேசுதேன்."

"லைன் இல்லம்மா."

"ஞாயித்துக்கிழம போட்டியே."

செக்யூரிட்டி செங்கமலம் அக்கா, "இன்னாம்மா, வழில நின்னுகினு கீற, பி ஷிப்ட் உள்ள வருது" என்று என் தோளைத் தள்ளினாள். முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

சுவரோடு ஒதுங்கி எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். புனே பொய், ஸ்டோர் பொய், நான்தான் சொன்னேன், எட்டு மாதமும் அவன் எல்லையில்தான் இருந்தான்.

"எட்டு மாசமா நிம்மதியாத் தூங்குனேனேட்டி," என்றாள். "பக்கத்து வீட்டு தங்கமாரி மவன் பார்டர்ல கெடக்கான்னு அவளுக்கு நான் ஆறுதல் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அந்தப் பக்கம் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா போனை வைக்கவில்லை.

"அவன் பயந்தானாட்டி?"

போன ஞாயிறு அம்மா வைத்த பிறகும் அவன் லைனிலேயே இருந்தான். கை நடுங்குது, குளிரா பயமான்னு தெரியலக்கா என்றான். ரெண்டு ஸ்வெட்டராப் போடு என்றேன் நான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்தும்விட்டேன்.

"ஆமாம்மா. பயந்தான்."

"எங்கிட்ட சொல்லிருப்பான்," என்றாள் அம்மா. "நீ விடல."

பிறகு, வந்தவர்களை உள்ளே வாங்க என்று அவள் கூப்பிடுவது கேட்டது.